ஜெயம் வீட்டுச் சல்லடை

கன்னியப்பன் பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைப் பார்க்கவில்லை. பெண் கட்டியிருந்த புடவையைப் பார்த்தார். காபித் தம்ளரை நீட்டிய கையோடு முந்தானையும் சேர்ந்து நீண்டு வந்தது. அதில் குறுக்கே ஓர் இழை விட்டுப்போயிருந்தது. மனுஷன் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம். மாறாக, முந்தானையில் இழை விட்டிருப்பதாகவும் கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டதாகவும் பெண்ணின் தகப்பனாரிடம் அனுதாபத்தோடு தெரிவித்தார். அது இரவல் புடவை. தகப்பனாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. கூட வந்தவர்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பெண் ஜெயம் மட்டும் உள்ளே போய் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷமாக, புதுச்சேரி நெல்லித்தோப்பில் யார் வீட்டு விசேஷமானாலும் அவள் அந்தக் கதையைச் சொல்லாமல் பந்தியை விட்டு எழுந்ததில்லை.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. தொழில் அப்படி. மில்லில் அவருக்குத் துணி சோதிக்கும் வேலை. சாய்வான கண்ணாடி மேஜை, அடியில் ட்யூப் லைட், மேலே வெளுக்காத கோராத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, தாவிய இழை, எண்ணெய்க் கறை, தறிக்காரன் கொட்டாவி விட்ட இடம், எல்லாவற்றின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். இருபத்தாறு வருஷம் கோடு போட்டார். தறிக்காரர்கள் அவரை வழியில் பார்த்தால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்க்க மில்லில் ஒரு சாமான் கொடுத்திருந்தார்கள். மூன்றாக மடங்கும் பித்தளைச் சாமான். விரித்து வைத்தால் கீழே ஓர் அங்குலச் சதுரத் திறப்பு, மேலே பூதக்கண்ணாடி. துணிமேல் வைத்தால் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். பிக் கிளாஸ் என்று பேர். 2001-ல் மில் அவரை விருப்ப ஓய்வில் அனுப்பியது. விருப்பம் மில்லுடையது, ஓய்வு இவருடையது. கிளம்பும்போது அடையாள அட்டை, சாப்பாட்டு டோக்கன், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். பிக் கிளாஸைக் கொடுக்க மறந்துவிட்டார். ஞாபகமாக மறந்தார் என்றும் சொல்லலாம். அவருடைய குற்றப் பட்டியலில் இது முதல். இரண்டாவது பின்னால் வருகிறது. மூன்றாவது கிடையாது.

மில்லை விட்டவர்களில் பாதிப்பேர் ஆட்டோ வாங்கினார்கள். மீதிப்பேர் ஏதாவது ஒரு கேட்டில் செக்யூரிட்டி சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கன்னியப்பன் மட்டும் புழு பொறுக்கப் போனார்.

கடலடி உயிரின ஆய்வு மையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. கடலை ஆராய்வதற்கென்றே ஏற்பட்டது. ஆகவே கடலுக்கு ரொம்பத் தள்ளி, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், ஷட்டர் செய்யும் பட்டறைக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் நடுவில் வாடகைக்கு இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று வராது, வெண்ணெய் வாசனை வரும். அங்கே தினக்கூலிக்கு ஆள் எடுத்தபோது ஒரு தட்டில் ஒரு கரண்டிச் சேற்றை வைத்து, இதில் எத்தனை உயிர் இருக்கிறது என்று கேட்டார்கள். முன்னால் போனவர்கள் நாலு என்றார்கள், ஐந்து என்றார்கள். ஒருவர் சாமி கும்பிட்டுவிட்டு ஆறு என்றார். கன்னியப்பன் பத்தொன்பது என்றார். தட்டில் மயிரிழை அளவு விரிசல் இருக்கிறது, மாற்றிவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

வேலை இதுதான். வீராம்பட்டினத்துப் படகு ஒன்று கடலுக்குள் போகும். கயிற்றில் கட்டிய இரும்புக் கவ்வியை அடிவரைக்கும் இறக்கும். கவ்வி ஒரு வாய் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வரும். படகிலேயே அதைச் சல்லடையில் கொட்டிக் கடல் தண்ணீர் விட்டு அலசுவார்கள். சேறு போய்விடும், சல்லடையில் தங்கியது பாட்டிலுக்குப் போகும். பாட்டில் தட்டாஞ்சாவடிக்கு வரும். அதில் ரோஸ் சாயம் விட்டால் உயிராக இருந்ததெல்லாம் ரோஸாகும். மணலும் கிளிஞ்சலும் அப்படியே இருக்கும். மில் சாயப்பட்டறையைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெள்ளைத் தட்டில் ஊற்றி, முடி பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இனம் பிரித்து எண்ண வேண்டும். கன்னியப்பன் ஒரே ஒரு நாள் படகில் போனார். காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலடி உயிரினங்களுக்கு அர்ப்பணித்துவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் கடல் அவரிடம் பாட்டிலில் வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

கண்ணாடிமேல் ஓடிய துணிக்கும் தட்டில் கிடந்த சேற்றுக்கும் அவர் பெரிய வித்தியாசம் காணவில்லை. துணியில் பிசகைத் தேடினார், சேற்றில் உயிரைத் தேடினார். பின்னது மனசுக்கு இதமாக இருந்தது. கண்டுபிடித்தால் யாருக்கும் சம்பளம் பிடிக்கமாட்டார்கள்.

2007-ல் டாக்டர் ஹேமலதா வந்து சேர்ந்தார். புழு டாக்டர். இது தெரியாமல் ஷட்டர் பட்டறைக்காரர்கள் விரல் நசுங்கினால் அவரிடம் ஓடிவருவார்கள். அவரும் சளைக்காமல் கட்டுப்போட்டு அனுப்புவார். அவர் 2008-ல் இருபத்துநாலு இடங்களில், இடத்துக்கு மூன்று வாயாக, எழுபத்திரண்டு பாட்டில் சேறு எடுத்தார். அதோடு நிற்கவில்லை. 1998-ல் ஒரு கல்லூரிக்காரர்கள் அதே இடங்களில் எடுத்திருந்தார்கள். 2003-ல் இந்த மையமே எடுத்திருந்தது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் பத்து வருஷத்தில் கடலடியில் யார் குடியிருந்தார்கள், யார் காலி செய்தார்கள், யார் புதுசாக வந்தார்கள் என்று தெரிந்துவிடும் என்றார்.

சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரே புழுவுக்கு 98-ல் ஒரு லத்தீன் பேர், 2003-ல் ஒரு லத்தீன் பேர், இப்போது ஒன்று. ரேஷன் கார்டில் ஒரு பேர், ஓட்டர் லிஸ்டில் ஒரு பேர் என்று நாமெல்லாம் இருப்பது போலத்தான். இந்தச் சிக்கலை அவிழ்த்தது கன்னியப்பனின் நாற்பது பக்க நோட்டு. லத்தீன் அவர் வாயில் நுழையாது. அதனால் 2003-லேயே ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு மில் பேர் வைத்திருந்தார்: ஜரிகை, குஞ்சம், தார்க்குச்சி, சிக்குநூல். அரசாங்கம் பேரை மாற்றினாலும் ஜரிகை ஜரிகையாகவே இருந்தது. ஹேமலதா அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பட்டியலையும் ஒன்றாக்கினார்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் கணக்கு முடிந்தது. படம் திரையில் வந்தது. 1998-ல் அறுபத்தொரு வகை உயிர். 2008-ல் ஐம்பத்தெட்டு. நடுவில் 2003-ல் இருபத்துமூன்று. மலை, பள்ளம், மலை.

மையத்தின் இயக்குநர் கிருஷ்ணசாமி படத்தைச் சாய்ந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். கடல் செத்துப் பிழைத்ததாக எழுத முடியாது என்றார். அப்புறம், 2003-ல் பொறுக்கினது யார் என்று கேட்டார். அறையில் இருந்த ஐந்து பேரும் ஆறாவது ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாவது ஆள் கன்னியப்பன்.

கிருஷ்ணசாமி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் கத்தியிருப்பார், கன்னியப்பனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவர் கனிவாகப் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க கன்னியப்பன். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கண்ண ஒரு தடவ காட்டிடுங்க."

முடிவும் அங்கேயே ஆகிவிட்டது. 2003-ஐ எடுத்துவிட்டு மற்ற இரண்டு வருஷத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுதுவது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பொறுக்கியவரின் குறைபாட்டால் 2003 கணக்கு நீக்கப்பட்டது. பொங்கல் கழிந்ததும் அச்சுக்குப் போகும். ஹேமலதா முகத்தில் களையே இல்லை. 2004 டிசம்பரில் அந்தப் பேரலை வந்தபோது கரை என்ன ஆயிற்று என்று ஊருக்கெல்லாம் தெரியும். கடலடி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அலைக்குச் சற்று முன்னால் அடி எப்படி இருந்தது என்று சொல்ல 2003 ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் கூண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியப்பனை அந்த ஒரு வரிதான் உறுத்தியது. வேலை போனால் போகட்டும், கேட்டில் நிற்கச் செக்யூரிட்டி சட்டை எங்கேயும் கிடைக்கும். இருபத்தாறு வருஷம் அடுத்தவன் பிசகின்மேல் கோடு போட்டவர் மேல், அச்சில், யாரோ ஒரு கோடு போடுகிறார்கள்.

மறுநாளே கண் டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பேரையும் ஊரையும் சேர்த்துப் படித்தார். அப்படி ஒன்று இருப்பது அந்த டாக்டருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு மையத்தின் மாடிப்படிக்கு அடியில் போனார். 2003-ல் அவர் பொறுக்கி முடித்த மிச்ச மணல் எழுபத்திரண்டு பாட்டிலும் அங்கே தூசியோடு இருந்தன. இருபதை எடுத்து, நாலு நாள் உட்கார்ந்து மறுபடி சலித்துத் தேடினார். விட்டுப்போனது மூன்றே மூன்று. ஹேமலதா மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மூன்றுதான் என்று சாட்சி சொன்னார். கிருஷ்ணசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி, நீங்க விடல. 98-ல இருந்தது, இப்பவும் இருக்கு. நடுவுல மட்டும் எல்லாம் லீவு போட்டுட்டுப் போச்சா?"

நியாயமான கேள்வி. கன்னியப்பன் எழுந்து வெளியே வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அது மார்கழியின் நடுப்பகுதி. நெல்லித்தோப்பில் அந்த ஒரு மாசம் மட்டும் வாசல்கள் எல்லாம் போட்டியில் இறங்கும். ஜெயத்துக்கும் எதிர்வீட்டு அஞ்சலாட்சிக்கும் பதினைந்து வருஷமாகப் போட்டி. யார் ஜெயித்தார்கள் என்று இருவருமே ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஜெயம் கோலமாவு மூட்டையாக வாங்கி, பின்கட்டில் உட்கார்ந்து சலித்து, டப்பாவில் அடைத்து வைப்பாள். இந்த வருஷம் வந்த மாவு கொரகொரப்பு. சலித்த மாவிலும் கல் இருந்தது. கோடு இழுத்தால் நடுவில் அறுந்தது. எதிர்வீட்டில் அது கண்ணில் படாமலா இருக்கும்? "இன்னா ஜெயம், இந்த வருஷம் கோலத்துக்கு மூச்சு வாங்குது?" என்று அஞ்சலாட்சி கேட்டுவிட்டாள்.

அந்த எரிச்சலோடுதான் ஜெயம் சலித்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் வந்து படியில் உட்கார்ந்து, பொங்கலுக்கு அப்புறம் தன் பேர் எப்படி அச்சில் வரப்போகிறது என்று நாலாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் சல்லடையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"கண்ணு கண்ணுன்றியே, இந்த சல்லடைய பாத்தியாய்யா? உன் ஆபீஸ்லேர்ந்து தூக்கினு வந்தியே, அதான். கல்லு கல்லா ஊழுது. இதுலயா புழு புடிச்சாங்க உங்காளுங்க? ஆனையே பூந்து போயிடும்."

கன்னியப்பன் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். சல்லடையை அவள் கையிலிருந்து வாங்கினார். பித்தளை விளிம்பில் ஆணியால் பொறித்த மையத்தின் ஸ்டோர் நம்பரும் 2003 என்ற வருஷமும் இருந்தன. பனியன் பையிலிருந்து பிக் கிளாஸை எடுத்து விரித்துக் கம்பி வலைமேல் வைத்தார். எண்ணினார். திருப்பி வைத்து எண்ணினார். அங்குலத்துக்குப் பதினெட்டு கட்டம்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹேமலதாவின் 2008 சல்லடைமேல் வைத்து எண்ணினார். அங்குலத்துக்கு முப்பத்தைந்து.

முப்பத்தைந்து கட்டம் என்றால் ஓட்டை அரை மில்லிமீட்டர். பதினெட்டு என்றால் ஒரு மில்லிமீட்டர். 98-ல் கல்லூரிக்காரர்கள் அலசியதும் அரைமில்லிச் சல்லடையில்தான். 2003-ல் மட்டும் ஓட்டை இரண்டு மடங்கு. சிறுசுகள் அத்தனையும் படகிலேயே, சேற்றோடு சேர்ந்து, சல்லடை வழியாக இறங்கிக் கடலுக்கே திரும்பிப் போயிருக்கின்றன. லீவும் போடவில்லை, சாகவும் இல்லை. தட்டாஞ்சாவடிக்கு வரவில்லை, அவ்வளவுதான். வராததைக் கன்னியப்பன் எங்கே பொறுக்குவது?

துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இங்கேதான் குற்றப் பட்டியலின் இரண்டாவது வருகிறது.

2005-ல் அந்தச் சல்லடையின் விளிம்பு நெளிந்துபோனது. நெளிந்த சாமானை வைத்துக்கொள்ளக் கூடாது. விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. இரண்டு பேர் முன்னிலையில் சுத்தியால் உடைத்து, உடைத்ததாக ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர் கீப்பர் இராமதாஸ் சுத்தியை ஓங்கினார். கன்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வலையில் ஒரு கம்பிகூட அறவில்லை, இதைப் போய் உடைப்பதா என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இராமதாஸுக்கும் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. "உடைத்து அழிக்கப்பட்டது" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அழிக்கப்பட்ட சல்லடை சைக்கிள் கேரியரில் நெல்லித்தோப்புக்குப் போனது.

இப்போது அதைக் கொண்டுபோய்க் காட்டினால் கண் சுத்தம் என்று நிரூபணமாகிவிடும்; கை சுத்தமில்லை என்பதும் நிரூபணமாகிவிடும். இராமதாஸும் சேர்ந்து மாட்டுவார். காட்டாவிட்டால் அந்த ஒரு வரி அச்சாகும். சாயங்காலம் ஜெயத்திடம் சொன்னார். அவள் யோசிக்கக்கூட இல்லை. திருடன் என்றால் ஒரு நாள் பேசுவார்கள், குருடன் என்றால் பேப்பரில் இருக்கிற வரைக்கும் பேசுவார்கள். எடுத்துக்கொண்டு போ என்றாள். போகும்போது அதிலிருக்கிற மாவைத் தட்டிவிட்டுப் போ என்றும் சொன்னாள். அதை அவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை சல்லடையைத் துண்டில் கட்டிக் கேரியரில் வைத்து அவர் சைக்கிள் மிதித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. நெல்லித்தோப்பிலிருந்து இந்திரா காந்தி சிலை, அங்கிருந்து ராஜீவ் காந்தி சிலை, அப்படியே தட்டாஞ்சாவடி வரைக்கும், சைக்கிளுக்குப் பின்னால் ரோடெல்லாம் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே வந்தது. புதுச்சேரியிலேயே மிக நீளமான மார்கழிக் கோலம் அன்றைக்குக் கன்னியப்பன் போட்டதுதான்.

கேட்டிலேயே இராமதாஸ் மறித்தார். துண்டைப் பார்த்தார், நெளிந்த விளிம்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார், நிறம் மாறினார்.

"யோவ் கன்னி, இத நாம அழிச்சிட்டோம்யா."

"அழிச்சிட்டோம். இப்ப தேவப்படுது."

இயக்குநர் மேஜையில் துண்டு பிரிக்கப்பட்டது. கன்னியப்பன் இரண்டு சல்லடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிக் கிளாஸை நகர்த்தி நகர்த்தி, கிருஷ்ணசாமியையே எண்ணச் சொன்னார். கிருஷ்ணசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். பதினெட்டு. முப்பத்தைந்து. பழைய ஃபைல் வரவழைக்கப்பட்டது. டெண்டரில் அரைமில்லி என்று இருந்தது. பில்லில் அரைமில்லி. வாங்கிக்கொண்ட ரசீதில் அரைமில்லி. 2003 அறிக்கையிலும் அரைமில்லி. சல்லடையில் மட்டும் ஒரு மில்லி. ஐந்து வருஷமாகச் சல்லடையைத் தவிர எல்லாவற்றையும் எல்லாரும் சரிபார்த்திருந்தார்கள்.

கன்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் சார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ஒடைச்சிட்டதா கையெழுத்தும் போட்டேன். அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணுங்க. நாலு வருசம் என் வூட்டுலயே கெடந்துச்சு, இந்த கிளாசும் என் பையிலதான் கெடந்துச்சு. ஊர்ல இருக்கற துணியெல்லாம் எண்ணினேன், இத எண்ணல. அது என் தப்பு. ஆனா என் தட்டுல வந்து விழுந்தத நான் விடல சார்."

இராமதாஸுக்கு இப்போது வேறு வழியில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். சார், இந்தச் சல்லடை அழிக்கப்பட்டுவிட்டது, பக்கம் நாற்பத்திரண்டில் இருக்கிறது, ஆகவே மேஜைமேல் இருப்பது இது இல்லை என்று வாதாடினார். கிருஷ்ணசாமி காகிதத்துக்கு மரியாதை கொடுப்பவர். ரெஜிஸ்டரைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார். எதை நம்புவது என்று உண்மையிலேயே தடுமாறினார்.

ஹேமலதா தன் கறுப்புச் சுடிதாரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இல்லாத சல்லடையிலேர்ந்து என் மேலயெல்லாம் கோலமாவு கொட்டுது சார்."

முதலில் சிரித்தது கிருஷ்ணசாமிதான். அந்த அறையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஹேமலதா வேலையைச் சொன்னார். 2003-ல் ஓடிப்போன சிறுசுகளைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் 2008-ல் பிடித்ததெல்லாம் பாட்டிலில் இருக்கிறது. அதை இந்தப் பதினெட்டுக் கட்டச் சல்லடையில் மறுபடி சலித்தால், 2003-ல் என்ன தங்கியிருக்குமோ அதுதான் தங்கும். அதை எடுத்து 2003-ஓடு ஒப்பிடலாம். சலிக்காத முழுக் கணக்கை 98-ஓடு ஒப்பிடலாம். மூன்று வருஷமும் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை: கன்னியப்பன் 2003-ல் சரியாகப் பொறுக்கியிருக்க வேண்டும். பொறுக்கியிருந்தால் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இல்லையென்றால் அந்த ஒரு வரி நிற்கும்.

எழுபத்திரண்டு பாட்டில். பொங்கலுக்குப் பதினோரு நாள் இருந்தது. சலித்தது கன்னியப்பன், சரிபார்த்தது ஹேமலதா. இராமதாஸ், தான் அழித்த சாமானை யாராவது மறுபடி அழித்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில், பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். பிஸ்கட் கம்பெனியிலிருந்து உடைந்த பிஸ்கட் ஒரு பை வந்தது. சல்லடையில் மெல்லிய குஞ்சங்களும் சிக்குநூல்களும் வழுக்கிக்கொண்டு இறங்குவதைக் கண்ணால் பார்த்தபோது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் படகில் நடந்ததையே பார்ப்பது போலக் கன்னியப்பனுக்கு இருந்தது. போங்க போங்க என்று அவற்றை வழியனுப்பினார். தங்கியது மட்டும் தட்டுக்கு வந்தது.

போகி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பாட்டில் முடிந்தது. ஹேமலதா கம்ப்யூட்டரில் ஏற்றினார். கன்னியப்பன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்று ஷட்டர் பட்டறையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திரும்புங்க. இருபத்தஞ்சு."

2003-ல் கன்னியப்பன் பொறுக்கியது இருபத்துமூன்று வகை. இப்போது அதே சல்லடையில் தங்கியது இருபத்தைந்து. பள்ளத்தைக் காணோம். பெரும்பாலான இடங்களில் எண்ணிக்கை கையும் கையும் சேர்த்த மாதிரி பொருந்தியது. துறைமுக முகத்துவாரத்துக்கு நேரே ஐந்து இடங்களில் மட்டும் பொருந்தவில்லை. அதைப் பார்த்து ஹேமலதா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அங்கே 2003-ல் மட்டிச் சிப்பிகள் தெரு நிறையக் குடியிருந்தன. இப்போது ஒன்றுமில்லை, அந்த இடத்தில் ஜரிகைகள் வந்து குடியேறியிருந்தன. மற்ற இடங்களில் அலைக்கு முன்னால் இருந்த பெரியவர்கள் அலைக்கு அப்புறமும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். முகத்துவார மட்டிகளை விரட்டியது அலையா, தூர்வாரியதா, வேறு ஏதாவதா என்று இனித்தான் தேட வேண்டும் என்றார். ஆனால் மாறியது எது, மாறாதது எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"உங்க 2003 இல்லேன்னா, இது கண்ணுலயே பட்டிருக்காதுண்ணே."

கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோலமாவு விழுந்துவிட்டது என்றார். பதினோரு நாள் அலசிய சல்லடையில் மாவு ஏது என்று யாரும் கேட்கவில்லை.

மீதி இருந்தது ரெஜிஸ்டர் விவகாரம். அழித்த சாமான் திரும்பி வந்தால் எந்தப் படிவத்தில் எழுதுவது என்று இராமதாஸ் இரண்டு நாள் தேடினார். அப்படி ஒரு படிவமே இல்லை. அரசாங்கம் அழித்தது திரும்பி வரும் என்று அரசாங்கம் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவர்தான். மையத்தில் நன்கொடை ரெஜிஸ்டர் என்று ஒன்று இருந்தது. தொடங்கிய நாள் முதல் காலியாகவே கிடந்தது. அதன் முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதினார்: பழைய பித்தளைச் சல்லடை ஒன்று, வழங்கியவர் திருமதி க. ஜெயம், நெல்லித்தோப்பு. அரசாங்கத்தின் சல்லடை அரசாங்கத்துக்கே தானமாக வந்தது. கிருஷ்ணசாமி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கன்னியப்பனுக்குத் தண்டனையாக, இனி ஸ்டோருக்கு வருகிற ஒவ்வொரு சல்லடையையும் அவர் பிக் கிளாஸில் எண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அது தண்டனை போலவே முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார்.

ஆடி மாசம் அறிக்கை அச்சாகி வந்தது. பொடி எழுத்தில் அந்த வரி இல்லை. பொறுக்கியவர் என்ற இடத்தில் கன்னியப்பன் பேர் இருந்தது, நன்றி சொல்கிற பக்கத்தில் ஜெயம் பேர் இருந்தது. ஜெயம் தன் பேரை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். என்ன தானம் செய்தாய் என்று அஞ்சலாட்சி கேட்டாள். கடலுக்குச் சல்லடை கொடுத்தேன் என்று ஜெயம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அஞ்சலாட்சிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

வீட்டுக்குச் சல்லடை இல்லாமல் போய்விட்டதே என்று கன்னியப்பன் பொங்கலன்றைக்கே புதுசு வாங்கித் தந்திருந்தார். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் பாத்திரக் கடைக்காரர் முன்னால் பன்னிரண்டு சல்லடையைப் பரப்பி, ஒவ்வொன்றாக பிக் கிளாஸ் வைத்து எண்ணி, கடைக்காரர் பொறுமை இழந்து கடையைச் சாத்தப்போகிற நேரத்தில் முப்பத்தைந்து கட்டம் உள்ளதாக ஒன்றை எடுத்துவந்தார். அதிலிருந்து ஜெயத்தின் கோலத்தில் கோடு நூல் இழுத்த மாதிரி வந்தது.

அறிக்கை வந்த மறுநாள் ஆடி வெள்ளி. விடிந்ததும் ஜெயம் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய கன்னியப்பன் சைக்கிளோடு நின்று பார்த்தார். வரிசை வரிசையாகக் கண் ஓடியது. ஓர் இடத்தில் நின்றது. அங்கே ஒரு புள்ளி இல்லை. வாயைத் திறந்தார். பெண் பார்க்கப் போன நாள் ஞாபகம் வந்தது; மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிசகைப் பார்த்துவிட்டுக் கோடு போடாமல் நகர்ந்தார்.

ஜெயம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"நாலாவது வரிசை தான? வேணும்னுதான்யா வுட்டேன். கண்ணு தெரியுதான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு, விரல் நுனியில் ஒரு சிட்டிகை மாவெடுத்து அந்தப் புள்ளியை வைத்தாள்.